ஓரத்தில் ஏறிய கண்ணி

9-9-1987, புதன்.

இன்று செய்தது: மப்ளர், பிளைன் பின்னல், இரண்டு சாண்.

தவறு: வரிசை தொடங்கும்போது நூலைக் கீழே விடாமல் ஊசிக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் போட்டுவிட்டேன். முதல் கண்ணி இரண்டாகத் தெரிந்தது. இரண்டையும் பின்னினேன். ஓரத்தில் ஒரு கண்ணி கூடுதலாக ஏறிவிட்டது. ஒரு தடவை இல்லை, பல தடவை இப்படிச் செய்திருக்கிறேன் போலிருக்கிறது. டீச்சர் காட்டும் வரை எனக்குத் தெரியவில்லை. மப்ளர் அடியில் ஒடுங்கியும் மேலே அகன்றும் முறம் மாதிரி இருக்கிறது.

நாளைய வேலை: பிரிக்க வேண்டாம், முதல் துண்டு இப்படித்தான் வரும் என்று டீச்சர் சொன்னதால், அப்படியே முடிப்பது.

*

இதை எழுதிய அன்று, அந்த மப்ளர் வெள்ளிமலையில் ஏதோ ஒரு விடுதிப் பிள்ளையின் கழுத்தில் போய்ச் சேரும் என்றுதான் மணிமொழி நினைத்திருந்தாள். கள்ளக்குறிச்சி மாதர் சங்க மாடியில் மாலை நேரத் தையல் வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொன்று பின்ன வேண்டும். குளிர்காலத்துக்குள் அவை மலைக்குப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இப்போது அவளுடைய மப்ளர் காவல் நிலையத்து அலமாரியில் இருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியலில், கச்சிராயபாளையம் சாலையில் அவர்கள் ஊர்ப் புளியமரமும் விழுந்தது. வெட்டச் சொல்லி முன்னால் நின்றவர் அவளுடைய அப்பா நாராயணசாமி. மூன்றாம் நாள் விடியற்காலையில் மலையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. உள்ளே சின்னப்பொண்ணு என்ற மலைக்காரப் பெண், இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வண்டியை விட்டால் எல்லா வண்டியும் கேட்கும் என்றார் நாராயணசாமி. ஜீப் திரும்பி மாட்டுவண்டித் தடத்தில் இறங்கியது. பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது.

ஜீப்பின் பின்னாலேயே ஓடியவன் மணிமொழியின் அண்ணன் இளஞ்செழியன் ஒருவன்தான். பனிக்காகத் தங்கையைக் கேட்காமல் ஆணியிலிருந்து எடுத்துச் சுற்றிக்கொண்டு போன மப்ளரைக் கழற்றி, பிள்ளையைச் சுற்றக் கொடுத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் பிள்ளை இறந்துவிட்டது.

சின்னப்பொண்ணுவின் புருஷன் அம்மாசி அந்த மப்ளரைத் துவைத்துக் காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். புகார் கொடுக்க இல்லை. "ஒரு புள்ளாண்டான் குடுத்தான் சாமி. அவங்கிட்ட சேத்துடுங்க" என்று சொல்லத்தான் போனான்.

அங்கேதான் அது மறியல் கேஸில் சாட்சிப் பொருளாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை ஏட்டு கந்தசாமி அந்த மப்ளரோடு வகுப்புக்கு வந்தார். அன்று ஆண்டாள் டீச்சர் காய்ச்சலில் வரவில்லை. கம்பளி நூல் இந்த வகுப்புக்குத்தான் விற்றது என்று பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஷேக் பரீத் சொல்லியிருக்கிறார். "திங்கக்கிழமை அவங்கவங்க மப்ளரைக் கொண்டாங்கம்மா. யாருது இல்லியோ, அந்த வூட்டுக்கு நான் வரேன்" என்று ஏட்டு சொல்லிவிட்டுப் போனார்.

இன்று திங்கட்கிழமை.

*

நாராயணசாமி குந்தி உட்கார்ந்து, மகள் மடியில் கிடந்த புது மப்ளரைக் கையால் அளந்தார்.

"இன்னும் எவ்ளோம்மா கீது?"

"ஒரு முழம்ப்பா."

"சாயங்காலத்துக்குள்ள ஆவுமா?"

"ஆவும்."

"ஓரத்துல அந்தத் தப்பு? வெச்சிக்கினு வரியா?"

மணிமொழி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதுதான் வரவில்லை.

சனிக்கிழமை ராத்திரி மிச்ச நூலில் தொடங்கியபோது மப்ளர் நேராக, ஒரே அகலத்தில் வந்தது. நாராயணசாமிக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. "ஒன்னுது முறம் மாதிரி இருந்துச்சுன்னு டீச்சருக்குத் தெரியும்தானே? இத்தக் கொண்டுபோய் நீட்டினா, பழசு எங்கேன்னு ஏட்டு முன்னாடியே கேக்கமாட்டாங்க? பழசு எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கணும். அப்பதான் ஒன்னுது ஒன்கிட்ட இருக்குதுன்னு ஆவும்."

அவள் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். கூடப் படிக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸ் சேலத்திலிருந்து வாங்கிவந்து கொடுத்த நல்ல ஊசிகளை ஓரமாக வைத்துவிட்டு, பழைய சைக்கிள் கம்பிகளை எடுத்தாள். முதல் மப்ளர் அந்தக் கம்பிகளில் பின்னியதுதான். ஊசி கிடைக்கவில்லை என்று அவள் அழுதபோது, இளஞ்செழியன் தன் சைக்கிள் சக்கரத்திலிருந்து இரண்டு கம்பியைக் கழற்றி, அம்மிக்கல்லில் முனையைத் தேய்த்துக் கொடுத்தான். ஒல்லிக் கம்பி, தடித்த நூல். பின்னல் சாக்கு மாதிரி இறுகி வரும்.

குத்து, சுத்து, இழு, தள்ளு. வகுப்பில் எல்லோரும் கோரஸாகச் சொல்லிப் பழகிய நாலு சொல். கண்ணிக்குள் ஊசியைக் குத்து, நூலைச் சுத்து, வெளியே இழு, பழைய கண்ணியைத் தள்ளு. வீட்டில் அவள் முணுமுணுத்ததைக் கேட்டு இளஞ்செழியன் ஒருநாள் சிரித்தான். "இன்னாடி இது, பின்னல் மாதிரி இல்லியே, அடிதடி கேஸ் மாதிரி கீது!"

அந்த நாலும் இப்போது கைக்கு வந்துவிட்டன. வரிசை முடிந்து திருப்பினால் நூல் தானாகவே கீழே வந்து நின்றது. தெரியாதபோது தானாக வந்த தப்பு, தெரிந்த பிறகு கெஞ்சினாலும் வரவில்லை. மூன்று வாரம் பாடுபட்டுத் தொலைத்ததைத் தேடி எடு என்கிறார்கள்.

கடைசியில் ஒரு முறை வகுத்துக்கொண்டாள். ஆறு வரிசைக்கு ஒரு தடவை நூலை மேலே தூக்கிப் போடுவது. மறந்துவிடக் கூடாதென்று சுவரில் கரிக்கோடு இழுத்துக்கொண்டாள். எந்த வேலையானாலும் இப்படி ஒரு முறை இல்லாமல் அவளால் செய்ய முடியாது. செய்த பிறகும் சரியாகச் செய்தோமா என்ற சந்தேகம் போகாது.

அம்மா சாலம்மாள் காப்பித் தண்ணியைப் பக்கத்தில் வைத்தாள். "நல்லபடியா கத்துக்கினு வான்னு அனுப்பினோம். இப்ப நாமளே ஒக்கார வெச்சி, தப்பா செய்யி, தப்பா செய்யின்னு நிக்கறோம்."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் நாராயணசாமி.

"சும்மாதான் இருக்கறேன். பத்து நாளா இந்த வூட்ல எல்லாரும் சும்மாதான் இருக்கறாங்க."

மாட்டுக்கொட்டகையில் கட்டிலில் படுத்திருந்த இளஞ்செழியன் புரண்டு படுத்தான். முகம் மழித்துப் பத்து நாள் இருக்கும். பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் போன வருஷம்கூட அவன் இப்படிக் கிடக்கவில்லை. மகனுக்கு அந்த இடம் கிடைக்காததால்தான் நாராயணசாமி இட ஒதுக்கீடு கேட்ட சங்கத்தின் கூட்டத்துக்கே போக ஆரம்பித்தார். அதையும் மணிமொழி நினைத்துப் பார்த்தாள். அப்பா தனக்காக எதையும் கேட்டவர் இல்லை. கழனிக்குப் போக அந்தப் புளியமரத்து வழிதான் கிட்டே. இந்தப் பத்து நாளாக அவர் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

"அண்ணா, காப்பித் தண்ணி" என்று கூப்பிட்டாள்.

"வேணா."

*

மாதர் சங்க மாடிப்படியில் ஜன்னத் காத்துக்கொண்டு நின்றாள். ஷேக் பரீத்தின் மகள். ஞாயிற்றுக்கிழமை சாலம்மாள் அவர்கள் வீட்டுப் பின்வாசலுக்குப் போய் நூல் கேட்டபோது, எதற்கு என்று கேட்காமல் நாலு உருண்டையை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"முடிச்சிட்டியாடி?"

"ம்."

"காட்டு." விரித்துப் பார்த்தாள். "அய்யே, பழசு மாதிரியே அசிங்கமா கீதே. பாஸாயிட்ட போ."

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க அத்தா வாய்தான்டி காரணம். நூல் யாருக்கு வித்தேன்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லிட்டுப் போவக் கூடாதா? இவருக்குத்தான் உண்மை வாயில நிக்காதே. அன்னிலேருந்து எங்கம்மா அவருக்குச் சோத்தைக் கீழ வெக்கிற சத்தத்துல தட்டு நசுங்கிப்போச்சு."

"ஜன்னத்து, நீ சனிக்கிழமையே பாத்துட்ட. ஏட்டு கையில இருந்தது என்னுதுன்னு ஒனக்குத் தெரியும்."

"நான் எங்க பாத்தேன்? எனக்குப் பொட்டைக் கண்ணு." ஜன்னத் மப்ளரை மடித்து அவள் கையில் திணித்தாள். "ஏறுடி மேல."

*

ஆண்டாள் டீச்சர் காய்ச்சல் விட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பது தாண்டாத, அதிகம் பேசாத பெண். டிசம்பரில் நடக்கும் லோயர் கிரேடு தையல் பரீட்சைக்குச் செய்முறை வேலைகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை என்று மணிமொழி ஒரு வருஷமாக எண்ணிக்கொண்டிருப்பதும் இல்லை.

ஏட்டு கந்தசாமி பெஞ்சில் உட்கார்ந்து, மறியலில் கல்பட்ட காலை நீட்டிக்கொண்டார். பழைய மப்ளரை மேஜைமேல் போட்டார். குழந்தையைச் சுற்றிய பிறகு டீச்சர் அதைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. தொடவில்லை.

"ஒவ்வொண்ணா வைங்கம்மா" என்றார் ஏட்டு. பெண்கள் வரிசையாக வந்து வைத்தார்கள். எல்லாம் ஒரே அரக்குச் சிவப்பு. ஏட்டு ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல முன்னாடி எது, பின்னாடி எது?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இது பிளைன். முதல்ல கத்துக்கற பின்னல்" என்றாள் டீச்சர். "எல்லா வரிசையும் பிளைனாவே போட்டா தட்டையா நிக்கும், ஓரம் சுருண்டுக்காது. இழுத்தா இழுபடும், காத்தைப் புடிச்சி வெச்சிக்கும். அதனாலதான் மப்ளருக்கும் பச்சப்புள்ள போர்வைக்கும் இது."

சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினாள். மேஜையைப் பார்க்கவில்லை.

"ஒரு வரிசை பிளைன், ஒரு வரிசை பர்ல், அதான் நூலை முன்னாடி வெச்சிப் பின்றது, அப்டின்னு மாத்தினா முன்பக்கம் வழவழன்னு வரும். அது ஸ்வெட்டர் ஒடம்புக்கு. ஒரு கண்ணி பிளைன், ஒரு கண்ணி பர்ல்னு போட்டா இறுக்கிப் புடிக்கும். அது மணிக்கட்டுக்கும் குல்லாவுக்கும். எல்லாத்துக்கும் அடி இந்தப் பிளைன்தான்."

"நமக்கு இன்னாம்மா புரியுது" என்று ஏட்டு கொட்டாவி விட்டார். "மரம் வெட்டினவன் பேரைச் சொல்ல ஊர்ல ஒரு நாக்கு இல்ல. ஒரு ஆளையாவது புடின்னு மேலேருந்து தொல்லை. இந்தக் கம்பளித் துண்டுதான் எனக்குக் கெடைச்ச நாக்கு."

மணிமொழியின் முறை வந்தது. வைத்தாள். ஒதுங்கி நின்றாள்.

டீச்சர் அதை எடுத்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் அடியிலிருந்து மேல்வரை தடவிக்கொண்டே போனாள். பிறகு பழைய மப்ளரை இப்போதுதான் தொட்டு, அதன் ஓரத்தையும் அதேபோலத் தடவினாள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜன்னத் மட்டும் கூரையைப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணுதும் அந்த ரகமாத்தான் இருக்குது?" என்றார் ஏட்டு.

"புதுசா கத்துக்கறவங்க எல்லாருக்கும் இந்த ஓரம் வரும் ஏட்டையா. கடலூர்ல, சேலத்துல, எங்க கத்துக்கினாலும் வரும்." டீச்சர் இரண்டையும் கீழே வைத்தாள். "பன்னெண்டு பேரு, பன்னெண்டு மப்ளர். எண்ணிக்கோங்க."

ஏட்டு எண்ணினார். சரியாக இருந்தது. பழையதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

*

மற்றவர்கள் போன பிறகு டீச்சர் கேட்டாள். "யாரு சொல்லிச் செஞ்ச?"

மணிமொழி மேஜைமேல் கிடந்த மப்ளர்களை மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

"தெரியாம செய்ற தப்பு அது இஷ்டத்துக்கு வரும். பேச்சுல கவனம் போச்சுன்னா பக்கத்துப் பக்கத்துல மூணு வரும், அப்புறம் ஒரு சாணுக்கு வராது. அந்தப் பழசு அப்டித்தான் கீது. இதுல ஆறு வரிசைக்கு ஒண்ணு, ஒண்ணுகூடத் தவறல. தப்பையும் அளந்து வெச்சிருக்கற. இவ்ளோ சுத்தமா தப்பு பண்றவ என் கிளாஸ்ல நீ ஒருத்திதான்."

"டீச்சர், எங்கண்ணன் தடுக்கல. அவன்—"

"தெரியும். நேத்து அம்மாசி எங்க வூட்டுக்கு வந்தான். மலையிலேருந்து எறங்கி, அந்த மப்ளர் எந்தக் கிளாசுன்னு கேட்டுக்கினு வந்தான். 'அவ்ளோ பேரு நின்னாங்க, அந்தப் புள்ளாண்டான் ஒருத்தன்தான் பின்னாடி ஓடியாந்தான். எம்பொண்டாட்டி அவன் பேரைக் கேக்கறா'ன்னான். கேஸைப் பத்தி அவன் ஒரு வார்த்தை பேசல."

மணிமொழி மெதுவாகக் கேட்டாள். "கொழந்த... பையனா, பொண்ணா?"

"ஒங்க வூட்ல யாருக்கும் தெரியாதா?"

"யாரும் கேக்கல."

"பொண்ணு."

டீச்சர் பதினொரு மப்ளரை மட்டும் துணிப்பையில் வைத்துக் கட்டினாள். பன்னிரண்டாவதை அவளிடம் நீட்டினாள். "இத்த எந்தப் புள்ள கழுத்துலயும் நான் போடமாட்டேன். பிரிச்சிடு. நாளைக்குக் காலையில ஏழு மணி வெள்ளிமலை பஸ்ல போறேன். விடுதியில மப்ளரைக் குடுத்துட்டு சின்னப்பொண்ணு வூட்டுக்கும் போவேன். ஒனக்காக இன்னிக்கிப் பொய் சொன்னேன். அவகிட்டயும் போய் பொய் சொல்ல என்னால முடியாது. அவன் பேரை நீங்க வந்து சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

*

"முடிஞ்சுதா?" நாராயணசாமி வாசலிலேயே கேட்டார்.

"ஏட்டு போயிட்டாரு."

சாலம்மாள் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தாள். நாராயணசாமி நெடுமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் மணிமொழி மற்றதையும் சொல்லிவிட்டாள். டீச்சருக்குத் தெரிந்துவிட்டது, நாளை மலைக்குப் போகிறாள், பேர் சொல்லப்போகிறாள்.

அவர் முகம் மாறியது. "மலைக்காரன்கிட்ட சொன்னா, ரெண்டே நாள்ல ஸ்டேஷனுக்குத் தெரியும். நீ நாளையிலேருந்து கிளாசுக்குப் போவ வேணா. அந்தப் பொம்பள யாரு, நீ யாரு."

"அப்பா, பரீட்ச—"

"பரீட்சயும் வேணா, ஒண்ணும் வேணா."

கொட்டகையிலிருந்து இளஞ்செழியன் எழுந்து வந்து கதவருகே நின்றான். பத்து நாளில் முதல்முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அப்ப நான் குடுத்ததுதான் தப்பாப்பா?"

"ஆமாண்டா. குடுத்ததுதான் தப்பு." நாராயணசாமியின் குரல் உடைந்தது. ஆனால் வார்த்தை உடையவில்லை. "மரம் வெட்டினது ஆயிரம் பேரு. வழி மறிச்சது ஆயிரம் பேரு. மப்ளர் குடுத்தவன் நீ ஒருத்தன். ஆயிரம் பேர எவனும் புடிக்கமாட்டான். ஒருத்தனத்தான் புடிப்பான்."

நாராயணசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாக இருட்டில் இறங்கிப் போனார்.

மணிமொழி புது மப்ளரின் கடைசி முடிச்சை அவிழ்த்தாள். நூலை இழுத்ததும் வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. இரண்டு நாள் பின்னியது இழுக்க இழுக்க ஒன்றுமில்லாமல் போனது. நூல் சுருள்சுருளாகத் தரையில் சிக்கிக்கொண்டது.

இளஞ்செழியன் எதிரே வந்து உட்கார்ந்தான். நூலைச் சுற்ற இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். வகுப்பு தொடங்கிய நாளில் அவள் சிக்கெடுக்கும்போதெல்லாம் அப்படித்தான் நீட்டுவான்.

அவள் அவன் மணிக்கட்டுகளைச் சுற்றி நூலைப் போட்டாள்.

"நல்லா இறுக்கிச் சுத்துடி" என்றான். "பழகிக்கறேன்."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றினாள்.

"அண்ணா, அது பொண்ணு."

அவன் தலை குனிந்தது. நீட்டிய கைகளை அவன் கீழே இறக்கவில்லை.

*

28-9-1987, திங்கள்.

இன்று செய்தது: மப்ளர் முடித்தேன். மப்ளர் பிரித்தேன்.

தவறு: கண்ணி ஏறுவதை ஆறு வரிசைக்கு ஒன்றாக வைத்தது.

நாளைய வேலை: காலை ஏழு மணி வெள்ளிமலை பஸ். போவதற்கு முன் அண்ணனை எழுப்புவது.